சர்வர் டவுன், சித்தப்பா

எங்கள் சொந்தபந்தத்தில் யார் லேப்டாப் வாங்கினாலும் அந்த வாரமே எனக்கு போன் வந்துவிடும். நான் படித்தது பி.காம்., வேலை பார்ப்பது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். ஆனாலும் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதை நான் உதறவில்லை, அதில் குளிர்காய்ந்தேன். போகிற வீட்டில் காபி வருவதற்குள் பிரவுசரைத் திறந்து, விளம்பரத்தைத் தடுக்கும் ஆட்பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டுவிடுவேன். பக்கத்தின் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்த தொப்பைக் குறைப்பும் ரம்மியும் மனை விற்பனையும் ஒரே நொடியில் காணாமல் போகும். "எப்படிப்பா இது?" என்பார்கள். நான் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்துக்கொள்வேன். பதில் சொன்னால் வித்தை கெட்டுவிடும் அல்லவா?

அப்படிப் போட்டுக்கொடுத்த எக்ஸ்டென்ஷன் ஒன்று பின்னாளில் வேவு பார்க்கத் தொடங்கியது. அது எனக்குத் தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். எக்ஸ்டென்ஷனின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர்களின் கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிடும், நான் நழுவிவிடுவேன்.

விளம்பரத்தைத் தடுத்ததற்காக எனக்கு வருத்தமில்லை. பழைய பஞ்சாங்கம் ஒன்றை பி.டி.எஃப். ஆகத் தேடிப் போனவர்களுக்குத் தெரியும்: பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக மூன்று 'டவுன்லோட்' பட்டன்கள் இருக்கும், மூன்றும் விளம்பரம், உண்மையான இணைப்பு எங்கோ கீழே பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களுக்குப் போனவர்களுக்கே அங்கே ஓடிய விளம்பரங்களின் வழியாகத் தீய நிரல்கள் அனுப்பப்பட்டன. தளங்களை யாரும் உடைக்கவில்லை. விளம்பர இடத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று கைமாற்றி வாங்கும் அந்தச் சந்தையிலேயே புகுந்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது: மோசடிக்காரர்கள் தேடுபொறியில் விளம்பர இடம் வாங்கி, தெரிந்த நிறுவனத்தின் பெயரில் போலித் தளத்துக்கு இழுக்கிறார்கள், தேடும்போது ஆட்பிளாக்கர் போட்டுக்கொள்ளுங்கள் என்று. கண்ணுக்குத் தெரியாத டிராக்கர்கள் தனி. சமையல் குறிப்பு படித்த இடத்திலும் சர்க்கரை வியாதி பற்றிப் படித்த இடத்திலும் ஒரே கம்பெனியின் ஸ்கிரிப்ட் உட்கார்ந்திருந்தால், இரண்டையும் படித்தது ஒரே ஆள் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

ஆக, போட்டது சரி. எதைப் போடுவது என்று எப்படி முடிவு செய்தேன் என்பதில்தான் என் யோக்கியதை தெரிகிறது.

இந்தத் துறையில் பெயர்கள் ஒரு காடு. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் 2002இல் ஆட்பிளாக்கை எழுதினார். அந்த வழியில் 2006இல் விளாடிமிர் பாலன்ட் ஆட்பிளாக் பிளஸ் கொண்டுவந்தார். குரோமுக்கென்று பிறகு வந்த 'ஆட்பிளாக்' வேறு ஆளுடையது. ஆட்பிளாக் பிளஸ் 2011 கடைசியில் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொந்தரவில்லாத விளம்பரம் என்றால் அனுமதி, பெரிய கம்பெனிகள் அதற்குப் பணமும் கட்ட வேண்டும். 2014இல் ரேமண்ட் ஹில் யூபிளாக்கை வெளியிட்டார். கனடாவில் இருக்கும் மனிதர், அதில் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர். கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாமல் 2015இல் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்தார். புதியவர் நன்கொடைப் பக்கம் திறந்தார். ஹில் தன் பிரதியை 'யூபிளாக் ஆரிஜின்' என்று தனியாக நடத்தினார். 'ஆரிஜின்' இல்லாத யூபிளாக் 2018இல் அந்தக் குரோம் 'ஆட்பிளாக்' கையில் போய்ச் சேர்ந்து, பின்பு அதே 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' திட்டத்தில் கலந்தது.

இந்தக் கதையெல்லாம் எனக்கு அத்துபடி. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். 2018 ஏப்ரலில் ஆட்கார்டு நிறுவனத்தின் ஆந்திரே மெஷ்கோவ் ஒரு பட்டியல் வெளியிட்டபோது எல்லோரையும் எச்சரித்தவனும் நான்தான். குரோம் ஸ்டோரில் இருந்த ஐந்து எக்ஸ்டென்ஷன்கள், மொத்தம் 2 கோடிக்கு மேற்பட்ட பயனாளர்கள். பெரும்பாலும் பிரபலமான ஆட்பிளாக்கர்களின் பெயரைச் சற்றே திருப்பிப் போட்டு, நிரலையும் நகலெடுத்துக் கடை விரித்தவை. ஒன்றில், எல்லோரும் பயன்படுத்தும் ஜேகுவெரி நிரல்தொகுப்புக்குள்ளே திருட்டு வரிகளைச் செருகியிருந்தார்கள். வெளியிலிருந்து வரும் கட்டளைகள் சாதாரணப் படம் ஒன்றுக்குள் ஒளிந்து வந்தன. மெஷ்கோவ் சொன்ன பிறகு கூகுள் அவற்றை நீக்கியது.

இவ்வளவும் தெரிந்த நான், அத்தை வீட்டில் என்ன செய்தேன்? தேடல் பெட்டியில் ஆட்பிளாக் என்று அடித்தேன். வந்தவற்றில் நட்சத்திரம் அதிகம், பயனாளர் எண்ணிக்கை அதிகம், மின்னும் ஐகான் ஒன்று. அதைச் சொடுக்கினேன். யூபிளாக் ஆரிஜின் என்று முழுப் பெயரை அடிக்க எனக்குத் தெரியும். ஆனால் அதன் பொத்தானை அழுத்தினால் எண்களும் ஐகான்களும் வருகின்றன, பெரியவர்கள் பயந்துவிடுவார்கள், இது பார்க்க அழகாக இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். போட்ட பிறகு, "இது பத்தி நான் நல்லா விசாரிச்சுட்டேன் அத்தை" என்றேன். விசாரிக்கவே இல்லை.

நிறுவும் நேரத்தில் பிரவுசர் ஒரு கேள்வி கேட்கும். நீங்கள் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவு முழுவதையும் இது படிக்கலாமா, மாற்றலாமா என்று. ஆட்பிளாக்கருக்கு அந்த அனுமதி தேவைதான். பக்கத்தைப் படித்தால்தான் விளம்பரப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும், பக்கத்தை மாற்றினால்தான் அதை அகற்ற முடியும். ஆனால் எல்லாத் தளங்களும் என்றால் பேங்க் பக்கமும் உண்டு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் உண்டு, மெயிலும் உண்டு. காவல்காரனை வைக்கும்போதே பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பதுபோலத்தான். ஆள் யார் என்பதைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை. அத்தை திரையைப் பார்த்து, "என்னடா கேக்குது?" என்றார்கள். "ஒண்ணுமில்ல அத்தை, ஓகே குடுக்கணும், அவ்வளவுதான்" என்று நானே அழுத்தினேன்.

என் சொந்த லேப்டாப் கதை இதற்கு நேர்மாறு. பிறருக்கு அலட்சியம், எனக்கு வெறி. ஒரு தடுப்பான் போதாதென்று இன்னொன்று, அதன்மேல் கோஸ்டரி, பிரைவசி பேட்ஜர், நோஸ்கிரிப்ட் என்று வரிசையாக அடுக்கினேன். கோஸ்டரியின் தாய் நிறுவனம் ஒருகாலத்தில், பயனாளர்கள் மனமுவந்து பகிர்ந்த தகவலை விளம்பரத் துறைக்கே விற்றுச் சம்பாதித்தது என்று 2013இலேயே செய்தி வந்தது. படித்தும் கொஞ்ச காலம் வைத்திருந்தேன், ஐகான்கள் நிறைய இருந்தால் பார்ப்பவர்கள் மதிப்பார்கள் என்பதற்காக. இரண்டு தடுப்பான்கள் ஒரே பக்கத்தில் வேலை செய்தால் ஒன்று செய்வதை மற்றது கெடுக்கும். அது போகட்டும். இணைய உரிமைகளுக்கான இ.எஃப்.எஃப். அமைப்பின் பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பரிசோதனைக்கு வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதம், எழுத்துரு, திரை அளவு, பிளக்இன் போன்ற அமைப்புகளை மட்டும் வைத்தே தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. குக்கீ தேவையே இல்லை. ஊரில் யாரிடமும் இல்லாத கலவையை ஒருவன் அடுக்கிக்கொண்டால் அவன் மறைவதில்லை, கூட்டத்தில் தனியாகத் தெரிகிறான். நான் அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

தடுப்பான் தானாக எதையும் தடுப்பதில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் தடுக்கிறது. 2005 முதல் ஈஸிலிஸ்ட் என்ற பட்டியலைத் தன்னார்வலர்கள் பராமரித்து வருகிறார்கள். உலகத்தின் பாதித் தடுப்பான்கள் அந்த உழைப்பில்தான் நிற்கின்றன என்றால் மிகையில்லை. யூபிளாக் ஆரிஜினில் அதுவும் இன்னும் சிலவும் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். நான் இருந்த பெட்டியெல்லாம் டிக் போட்டேன். சீனம், கொரியம், லித்துவேனியம் என்று நான் வாழ்நாளில் திறக்காத மொழிகளின் பட்டியல்களும் அதில் அடக்கம்.

அந்தக் கிறுக்கு முற்றிய நாளில் சித்தப்பா சிக்கினார். அவர் லேப்டாப்பில் யூபிளாக் ஆரிஜினைப் போட்டு, அதில் நடுத்தர நிலை என்று சொல்லப்படும் அமைப்பை வைத்தேன். எந்தத் தளத்திலும் வெளியாருடைய ஸ்கிரிப்டும் சட்டகமும் ஓடாது; தேவையான தளங்களுக்கு ஒவ்வொன்றாக நாமே திறந்துவிட வேண்டும். தன் கம்ப்யூட்டரில் தானே உட்கார்ந்து மல்லுக்கட்டுபவனுக்கு அது நல்ல அமைப்பு. சித்தப்பாவுக்கு அதில் ஒரு பொத்தானும் தெரியாது. அவர் தட்கல் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார். ஸ்லீப்பருக்குக் காலை 11 மணிக்குத் திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பெயர், வயது, பெர்த் எல்லாம் முன்பே எழுதி வைத்துக்கொண்டு, பணம் கட்டும் இடம்வரை வந்துவிட்டார். அங்கே ஓ.டி.பி. கேட்கும் பேங்க் ஜன்னல் வெள்ளையாக நின்றது. அது வெளியாருடைய சட்டகம், நான் பூட்டியது. எனக்கு போன் செய்தார்.

"என்னடா, சுத்திக்கிட்டே இருக்கு?"

எனக்கு உடனே புரிந்தது. தடுப்பானை நிறுத்தும் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தால் அப்போதும் டிக்கெட் கிடைத்திருக்கலாம்.

"சர்வர் டவுன், சித்தப்பா. அந்த நேரத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

அவர் நம்பினார். சென்னையில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியவர், இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்தே போனார். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போனபோது சத்தமில்லாமல் அமைப்பை மாற்றிவைத்தேன். "இப்ப சர்வர் நல்லாயிடுச்சு போல" என்றார். ஆமாம் என்றேன்.

ஒரு பொய் அவ்வளவு சுலபமாக எடுபட்டது எனக்குப் பழக்கமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்தது வந்தபோது நான் யோசிக்கவே இல்லை.

2020 அக்டோபரில் நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்ற இரண்டு எக்ஸ்டென்ஷன்களைப் பற்றிச் செய்தி வந்தது. யூபிளாக் ஆரிஜினிலிருந்து கிளைத்தது அந்த ஆட்பிளாக்கர். இரண்டும் நல்லவை, 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் நம்பிப் பயன்படுத்தியவை. பராமரிக்க நேரமில்லை என்று அவற்றை எழுதியவர் வேறு ஆட்களுக்கு விற்றார். வாங்கியவர்கள் ஒரு புதிய பதிப்பை விட்டார்கள். சில நாட்களில் பயனாளர்களின் இன்ஸ்டாகிராம் கணக்குகள் முன்பின் தெரியாத படங்களுக்குத் தாமாகவே லைக் போடத் தொடங்கின. நிரலைப் பிரித்துப் பார்த்து அம்பலப்படுத்தியவர்களில் ரேமண்ட் ஹில்லும் ஒருவர். எக்ஸ்டென்ஷன் கைமாறினால் பிரவுசர் நம்மிடம் சொல்லாது. புதிய அனுமதி எதையும் கேட்காதவரை அப்டேட் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதியை முதல் நாளே கொடுத்துவிட்டவர்களிடம் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது?

அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில், நான் வீடு வீடாகப் போட்டுக்கொடுத்த அந்த அழகான ஐகானும் இதே ரகச் செய்தியில் அடிபட்டது. போகிற ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் எங்கோ ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. கைமாறியதா, முதலிலிருந்தே அப்படித்தானா என்பது இரண்டாம்பட்சம். இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் விசாரித்திருக்க வேண்டியவன்.

செய்தியைப் படித்ததும் நான் முதலில் செய்தது, இன்னொரு அறையில் கிடந்த என் பழைய கம்ப்யூட்டரில் அது இருக்கிறதா என்று பார்த்ததுதான். இருந்தது. நீக்கினேன். பாஸ்வேர்டுகளை மாற்றினேன். பேங்க் ஸ்டேட்மெண்டை வரிவரியாகப் பார்த்தேன். எனக்குச் செய்துகொள்ள வேண்டியதையெல்லாம் அன்றிரவே செய்துகொண்டேன். மற்றவர்களுக்கு ஒரு போன் போடவில்லை. காலையில் போடலாம் என்று நினைத்தேன், காலையில் ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்று நினைத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? "நான் போட்டுக்கொடுத்தது உங்களை வேவு பார்க்குது" என்று சொன்னால் அடுத்த கேள்வி, "விசாரிச்சுட்டேன்னு சொன்னியே?" என்பதாகத்தான் இருக்கும்.

அத்தை வீட்டுக்கு வேறு வேலையாகப் போகிறவன் மாதிரி போனேன். லேப்டாப்பைத் திறந்து அதை எடுத்துவிட்டு யூபிளாக் ஆரிஜினைப் போட்டேன்.

"செவப்பா ஒண்ணு இருக்குமேடா, காணோம்?"

"அது பழசாயிடுச்சு அத்தை. புதுசு போட்டிருக்கேன்."

"நீ இல்லன்னா எங்களுக்கு யாருடா இதெல்லாம் பாப்பா?" என்று மாலாடு கொடுத்தார்கள். தின்றேன். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லவில்லை. மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

முகவரிகள்தானே போயிருக்கின்றன, பாஸ்வேர்டு இல்லையே என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அதிலும் எனக்கு அறியாமை என்ற சாக்கு கிடையாது. சாம் ஜடாலி என்ற ஆய்வாளர் 2019இல் 'டேட்டாஸ்பை' என்ற பெயரில் வெளியிட்டதைப் படித்திருந்தேன். எட்டு எக்ஸ்டென்ஷன்கள் சுமார் 40 லட்சம் பேரின் பிரவுசர்களிலிருந்து முகவரிகளைச் சேகரித்தன, அவை காசுக்குக் கிடைத்தன. இந்தக் காலத்தில் முகவரியே சாவி. இணைப்பு வைத்திருப்பவர் யாரும் திறக்கலாம் என்ற நம்பிக்கையில் பகிரப்படும் வருமான வரிப் படிவங்கள், மருத்துவ ஆவணங்கள், கம்பெனிகளின் உள்விவகாரங்கள் எல்லாம் அந்த முகவரிகளின் வழியே வெளியே கிடந்தன. இதைப் படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிற நான் வாடிக்கையாளர்களுக்கு அறிவுரைகூடச் சொன்னேன், வரிக் கணக்கை இணைப்பாக அனுப்பாதீர்கள் என்று.

சொந்தக்காரர்கள் வீடுகளில் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு சாக்கில் போய் மாற்றிவிட்டேன். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. மனசை அரித்தது இன்னொரு இடம்.

எங்கள் பகுதியில் கல்லூரிக்கு எதிரே ஒரு நெட் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடுகிறவர்கள், ஸ்காலர்ஷிப்புக்குச் சாதிச் சான்றிதழ் பதிவேற்றுகிறவர்கள், ஆதாரில் பெயர் திருத்த வழி கேட்கிறவர்கள் என்று நாளெல்லாம் கூட்டம். கடைக்காரருக்கு என்மேல் மரியாதை. என்னிடம் ஜெராக்ஸ் காசு வாங்கமாட்டார், கூட்டத்தை விலக்கி "சாருக்கு வழி விடுங்கப்பா" என்பார். அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் அதே எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொடுத்தவன் நான். போலி டவுன்லோட் பட்டனை அழுத்திப் பிள்ளைகள் வைரஸ் ஏற்றிவிடுகிறார்கள் என்று அவர் புலம்பினார், நான் உதவினேன்.

அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த யாரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், அதன் முகவரியில் என்ன இருந்தது, யாரிடம் போனது என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் போயிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் அந்தத் தெருவையே தவிர்த்தேன். ஜெராக்ஸ் எடுக்க ஆபீஸ் மெஷினைப் பயன்படுத்தினேன்.

அந்த மாதங்களில்தான் நான் கூகுளைத் திட்டிக்கொண்டும் இருந்தேன். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மாற்றி, மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய முறையைக் கொண்டுவருவதாக அது அறிவித்திருந்தது. பழைய முறையில் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே வழிமறித்துப் பார்த்து முடிவு செய்யும். புதிய முறையில் எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகளைப் பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், தடுப்பது பிரவுசர். பாதுகாப்புக்காக என்றது கூகுள். விளம்பரத்தில் வாழும் கம்பெனி சொல்கிற பாதுகாப்பைப் பாரு என்று நான் பேசாத இடமில்லை. இன்றும் அந்தச் சந்தேகத்தை நான் விடவில்லை. அந்த மாற்றத்தால்தான் பின்னாளில் யூபிளாக் ஆரிஜின் குரோமில் ஓடாமல் போனது, அதே ஹில் எழுதிய லைட் பதிப்பால் எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியவில்லை, ஃபயர்பாக்ஸுக்குப் போனால்தான் முழுதாகக் கிடைக்கிறது. ஆனால் லைட் பதிப்பின் அடிப்படை நிலை, பக்கங்களைப் படிக்கும் அனுமதி இல்லாமலேயே வேலை செய்யும். அத்தைக்கும் நெட் சென்டருக்கும் அதுவே போதும். எக்ஸ்டென்ஷன்காரர்களை இவ்வளவு நம்பக் கூடாது என்ற கூகுளின் வாதத்துக்கு நல்ல சாட்சி தேவைப்பட்டிருந்தால், நான் கூண்டில் ஏறியிருக்கலாம்.

கடைசியில் ஒருநாள் போனேன். மழை, கடையில் ஆளில்லை, சொல்லிவிடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் உட்காரும் முன்பே அவர் ஆரம்பித்தார்.

"சார், உங்களத்தான் நெனச்சேன். எல்லா சிஸ்டமும் ஸ்லோ ஆயிடுச்சுன்னு போன மாசம் ஃபார்மட் அடிச்சுட்டோம். நீங்க போட்டுக் குடுத்தீங்கள்ல, அந்த விளம்பரம் வராத சமாச்சாரம், அதுவும் போயிடுச்சு. திரும்பப் போட்டுக் குடுங்க சார்."

எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாத, முழு நிம்மதி. ஃபார்மட் செய்ததில் எக்ஸ்டென்ஷன் போய்விட்டது. அதற்கு முன்பு போன முகவரிகள் போனவைதான் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே, "அதுக்கென்ன அண்ணே" என்று உட்கார்ந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போட்டுக்கொடுத்தேன். இந்த முறை முழுப் பெயரை அடித்து, எழுதியவர் பெயரைப் பார்த்து, டிக் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சரியாகச் செய்தேன். டீ வந்தது. நடுவில் ஒரு பையன் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தான். "சார் பெரிய ஆளு, கேட்டுக்கோ" என்று அவனிடம் சொன்னார்.

சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு போன நாட்களிலும் சொல்லவில்லை. சித்தப்பா இப்போது இல்லை. அத்தைக்கு இந்தக் கட்டுரையைக் காட்டலாம் என்று இருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படிப்பார்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். நெட் சென்டர் அண்ணன் படிப்பது காலையில் வரும் தினசரி மட்டும். இந்தப் பத்திரிகையை அவர் வாங்குவதில்லை என்பது இதை எழுத உட்காரும் முன்பே எனக்குத் தெரியும்.